சிவப்புக் கம்புக்கு இந்தப் பக்கம்

அந்தோனிப்பாடு,
மன்னார்த் தீவு.
14.06.2024

டிலானி மிஸ்,

சுகம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. பதினொரு தரம் ரெலிபோன் எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். அதனால் முன்பு செடிக் கட்டு அனுப்பியது போல இதையும் யாழ்ப்பாண பஸ் கண்டக்டரின் கையில் கொடுக்கிறேன். பல்கலைக்கழக வாசலில் சேர்ப்பிப்பார். கடிதத்துக்கு மணி அடிக்கத் தெரியாது, எடுக்கமாட்டேன் என்று நீங்கள் இருக்கவும் முடியாது.

கிராம அலுவலர் கந்தோர்ச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மண் தோண்டும் கம்பனி இரண்டாம் துண்டு கேட்கிறதாம். முதலாம் துண்டு போன வருசம் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் கிணறு உவர். தேத்தண்ணீரில் பால் விட்டால் திரைகிறது. இப்போது கேட்கும் துண்டு எது தெரியுமா? எங்கள் சனத்தை அடக்குகிற சேமக்காலைக்கும் கடலுக்கும் நடுவே நிற்கிற மணல் மேடு.

அறிவித்தலில் காரணம் எழுதியிருக்கிறது. "தாவரம் மிகக் குறைந்த, சிதைவடைந்த மணல்வெளி." அதற்குக் கீழே உங்கள் பெயரும் உங்கள் 2022ஆம் ஆண்டு அறிக்கையின் இலக்கமும். நான் மூன்று தரம் வாசித்தேன். அந்த மேட்டில் இராவணன் மீசைப் புல் இடுப்பளவுக்கு நிற்பதை முதல் நாளே நீங்கள் கண்ணால் கண்டீர்கள். உங்கள் சட்டையில் அது குத்திக் கிழித்ததை நான்தான் தைத்துத் தந்தேன்.

என் மனுசன் பேதுருவைக் கடல் 2016இல் எடுத்தது உங்களுக்குத் தெரியும். நாலாம் நாள் திருப்பித் தந்தது. எல்லாருக்கும் அப்படித் தருவதில்லை. சேமக்காலையில் கடல் பார்த்த கடைசி வரிசையில் அவரை வைத்திருக்கிறேன். மேடு போனால் அடுத்த கார்த்திகை மழைக்குக் கடல் அங்கே வரும். ஒரு தரம் தந்ததை அது மறுபடி எடுக்க நான் விடமாட்டேன்.

ஆட்சேபம் சொல்ல ஆவணி 31 வரை, அதாவது ஓகஸ்ட் முடியும்வரை நாள் இருக்கிறது. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

இமெல்டா


யாழ்ப்பாணம்,
02.07.2024

அன்புள்ள இமெல்டா அக்கா,

உங்கள் அழைப்புகளை எடுக்காதது என் பிழை. அந்த அறிக்கை பற்றி இங்கும் கேள்விகள் வந்திருக்கின்றன. அதைப் பற்றி வெளியில் பேச வேண்டாம் என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தையும் நான் எழுதியிருக்கக் கூடாது.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் தாள்களில் இருந்ததை எழுதினேன். முதல் நாளுக்குப் பிறகு நான் வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு வைத்தியசாலையில் படுத்திருந்தேன். நீங்களும் றஸ்னாவும் அறுபது இடங்களில் ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை வைத்து எண்ணி அனுப்பினீர்கள். நெருஞ்சி மூன்று. கோரை இரண்டு. வெறும் மணல். வெறும் மணல். கழுதைச் சாணம். அறுபது தாளிலும் இதுதான். கண்ணால் கண்டது வேறாக இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் ஒருவர் முதல் நாளில் கண்டதைவிட அறுபது எண்ணிக்கை பெரியது என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய படங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் நீங்கள் எடுத்த படம் இருக்கிறது. ஐம்பத்து நான்கு படங்களில் சட்டத்தின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதையோ வண்டித் தடமோ தெரிகிறது. கணினி எழுந்தமானமாகத் தெரிவு செய்த புள்ளிகள் மேடு முழுவதும் பரவியிருந்தன. சட்டங்களோ பாதையை விட்டு இறங்கவே இல்லை.

மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். வெயில் கடுமை என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதையோரத்தில் நிழல் பார்த்து இருந்துகொண்டு சட்டத்தை வைத்து எண்ணியிருக்கிறீர்கள். அதன் பலனைத்தான் அந்தச் சுவரில் வாசித்தீர்கள்.

டிலானி


அந்தோனிப்பாடு,
11.07.2024

மிஸ்,

நாங்கள் நிழலில் இருந்தோமாம். அந்த மணலில் நிழல் எங்கே இருக்கிறது என்று உங்கள் கணினியைக் கேட்டுச் சொல்லுங்கள். நானும் போய் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தாராபுரத்துக்குக் கொண்டுபோய் றஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அந்த மாதம் நோன்பு பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எண்ணினவள். உள்ளே போய், எண்ணும்போது வெயிலுக்குப் போட்ட தொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "இதையும் அவவுக்கு அனுப்புங்கோ" என்றாள்.

நாங்கள் நீங்கள் சொன்னபடிதான் செய்தோம். உங்கள் உதவியாளர் ஜெகதீபன் அந்த ஜிபிஎஸ் மெசினைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போய்க் கம்பு ஊன்றினார். இரண்டு நாளில் அறுபது கம்பும் ஊன்றிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். நாங்கள் ஒவ்வொரு கம்பாகத் தேடிப் போய், கம்புக்கு இந்தப் பக்கம், பாதையிலேயே சட்டத்தை வைத்து எண்ணினோம். ஒரு கம்பைக்கூடத் தவறவிடவில்லை. சிவப்புக் கம்புக்கு அங்காலே எந்தப் பைத்தியம் போகும்?

ஜெகதீபன் எப்படி உள்ளே போய் ஊன்றினார் என்று நாங்களும் யோசித்தோம்தான். ஆமியிடம் வரைபடம் வாங்கியிருப்பார் என்று றஸ்னா சொன்னாள். படித்த ஆட்கள், அவர்களுக்கு வழி தெரியும் என்று நினைத்தோம்.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுத் திறப்பைக் கையில் தருவதற்கு முதலே படம் போட்டுக் காட்டினார்கள். வெள்ளைக் கம்பு என்றால் வரலாம். சிவப்புக் கம்பு என்றால் அதுக்கு அங்காலே கண்ணிவெடி. முன்னுக்குப் போகிறவரின் காலடியில் கால் வை. பாதையை விட்டு இறங்காதே. ஆறு கிழமை அதே பாடம். றஸ்னாவின் சித்தப்பாவுக்கு அந்தப் பாடம் நடக்க முதல் ஒரு கால் போய்விட்டது. இன்றைக்கும் பூசைக்குப் போகும்போது எங்கள் சனம் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகும். பார்த்திருப்பீர்கள். ஒழுக்கமான சனம் என்று சிரித்தீர்கள்.

சோம்பேறி என்று எழுதின கையால் ஒரு மன்னிப்பு எழுதுங்கள்.

இமெல்டா


யாழ்ப்பாணம்,
20.07.2024

இமெல்டா அக்கா,

மன்னியுங்கள். உங்களிடமும் றஸ்னாவிடமும் கேட்கிறேன். தொப்பி வந்தது. அதை என் மேசையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். அந்தச் சிவப்புக் கம்பு வந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசச் சொன்னது நான். வெள்ளை மணலில் தூரத்திலிருந்தே தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நான் கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்தவள். ஜெகதீபனும் அப்படித்தான். சிவப்பு எங்களுக்கு ஒரு நிறம், அவ்வளவுதான்.

கம்பு சட்டத்தின் நடுவில் வர வேண்டும் என்பதுதான் முறை. அதை உங்களுக்குக் கோயில் மண்டபத்தில் சொல்லித் தந்தேன். ஆனால் சீமெந்து நிலத்தில் கம்பு ஊன்ற முடியாது என்று சோக்குக் கட்டியால் ஒரு புள்ளி போட்டுக் காட்டினேன். நீங்கள் சரியாக அந்தப் புள்ளி நடுவில் வரச் சட்டத்தை வைத்தீர்கள். நானும் திருப்தியோடு போய்விட்டேன். ஒரே ஒரு சிவப்புக் கம்போடு மணலில் உங்களுடன் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கம்பு தெரியும் தூரத்துக்குப் பாதையில் வந்து, பாதையை விட்டு இறங்காமல் சட்டத்தை வைத்திருக்கிறீர்கள். அதனால் அறுபது சட்டமும் கழுதையும் ஆளும் மிதித்த நிலத்தில் விழுந்தன. நீங்கள் எண்ணியது சரி. எண்ணிய இடம் பிழை. பிழை என்னுடையது.

மறுபடி எண்ண வேண்டும். இம்முறை கம்பு வேண்டாம். வெள்ளைக் கயிறு அனுப்புகிறேன், ஐந்து காலடிக்கு ஒரு முடிச்சு. சேமக்காலையின் கடல் பக்க மதிலில் கட்டி, நேரே கடல் வரைக்கும் மேட்டுக்குக் குறுக்காக இழுங்கள். மூன்று இடங்களில் மூன்று கோடு, கோட்டுக்கு இருபது சட்டம். முடிச்சு எங்கே விழுகிறதோ அங்கேதான் சட்டம். பக்கத்தில் எவ்வளவு நல்ல செடி நின்றாலும் நகர்த்தாதீர்கள். ஒரே சட்டத்தை இருவரும் தனித்தனியாக எண்ணுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. வித்தியாசம் வந்தால் அதையும் எழுதுங்கள்.

அந்த மேடு 2012இல் கண்ணிவெடி அகற்றி முடித்த நிலம். சான்றிதழின் பிரதியை இதனுடன் வைக்கிறேன். ஒரு தாளை நம்பிக் கால் வைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கேள்வி என்று இப்போது எனக்குத் தெரியும். நான் வர வேண்டும். விசாரணை நடப்பதால் களத்துக்குப் போக எனக்கு அனுமதி இல்லை. புது எண்கள் வரட்டும். வந்ததும் மண் தோண்ட அனுமதி கொடுக்கும் குழுவுக்கு எழுதுகிறேன்.

டிலானி


அந்தோனிப்பாடு,
09.08.2024

டிலானி மிஸ்,

ஆளுக்கு அறுபது தாளும், செடிக் கட்டு மூன்றும் இதனுடன் வருகிறது. செடிகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து, எங்கள் பங்குச் சுவாமியின் பெரிய விவிலியத்துக்குக் கீழே நாலு நாள் அமத்தினேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் நாள் மதிலடியில் கயிற்றைக் கட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் சும்மா நின்றோம். சான்றிதழ் என் பிளவுசுக்குள் இருந்தது. வலது காலைத் தூக்கினேன், வைக்க முடியவில்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது. அந்த மேட்டைப் பார்த்தபடி பதினாலு வருசம் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை. பிறகு பேதுருவின் கல்லறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு வைத்தேன். மணல் இளகியது. அவ்வளவுதான்.

றஸ்னா பின்னால் நின்று, "அக்கா, நீங்கள் வைச்ச அடியிலதான் நான் வைப்பன். பிழைச்சால் ரெண்டு பேரும் சேர்ந்து போவம்" என்றாள். அப்படியேதான் மூன்று கோடும் போனோம். திரும்பும்போதும் அதே அடிகளில் வந்தோம்.

மிஸ், உள்ளே அவ்வளவும் பச்சை. அடம்பன் கொடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கிறது. இராவணன் மீசைக்குள் சட்டத்தை இறக்கக் கை கிழிந்தது. தாழை இரண்டு பற்றை. பெயர் தெரியாதவை ஏழு, செடிக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். முதலாம் துண்டில் தோண்டிய கிடங்கின் ஓரத்தில் நின்று பார்த்தால் மேட்டின் வெட்டு முகம் தெரிகிறது. வேர் மேலிருந்து கீழ்வரை, மூன்று ஆள் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்த வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. படம் அனுப்புகிறேன்.

இரண்டாம் கோட்டில் பதினாலாம் முடிச்சு வெறும் மணலில் விழுந்தது. அரை அடி தள்ளி அடம்பன் கொடி பூத்து நின்றது. சட்டத்தைக் கொஞ்சம் தள்ளினால் யாருக்குத் தெரியும்? கை போனது. நகர்த்தவில்லை. வெறும் மணல் என்றே எழுதியிருக்கிறேன். பேதுருவுக்காகக்கூட நகர்த்தவில்லை.

என் கணக்கில் நூற்றுக்கு அறுபத்தி இரண்டு பங்கு பச்சை. றஸ்னாவின் கணக்கில் ஐம்பத்தி எட்டு. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

எண்கள் வந்துவிட்டன. இனி உங்கள் முறை.

இமெல்டா


யாழ்ப்பாணம்,
03.09.2024

அன்புள்ள இமெல்டா அக்கா,

இப்படி ஒரு தரவை என் மாணவர்கள்கூட எனக்குத் தந்ததில்லை. அந்தப் பதினாலாம் முடிச்சைப் பற்றி வாசித்தபோது அழுதுவிட்டேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

தாள்களை ஆவணி 28இல் குழுவுக்குக் கொடுத்தேன். "மேலதிக ஆய்வு" என்று தலைப்பிட்டேன். பருவம் மாறியதால் வித்தியாசம் வந்திருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "அப்படியென்றால் முதல் அறிக்கை பிழையா?" இரண்டிலும் என் கையெழுத்து. முதலாவதை நான் மீளப்பெறாதவரை அதுதான் செல்லும், இரண்டாவது அந்த ஊர்ச் சனம் தங்கள் தேவைக்கு எண்ணியது என்றுதான் எடுப்பார்களாம்.

பிழை என்று எழுதிக் கையெழுத்திட ஒரு தாள் தந்தார்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஐப்பசியில் என் பதவி உறுதிப்படுத்தல் வருகிறது. வீட்டில் இவருக்கு ஒரு வருசமாக வேலை இல்லை. மகளுக்கு இரண்டு வயது. முறை தெரியாமல் ஆய்வு செய்தவள் என்று நானே எழுதிக் கொடுத்தால் எனக்கு இங்கே இடமில்லை. ஐப்பசி முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பனி உடனே தொடங்காது என்று கேள்விப்படுகிறேன். உறுதிப்படுத்தல் வந்த மறுநாளே கையெழுத்திடுவேன். இதை உங்களிடம் எழுத வெட்கமாக இருக்கிறது.

டிலானி


அந்தோனிப்பாடு,
08.09.2024

மிஸ்,

உங்களுக்கும் ஒரு சிவப்புக் கம்பு இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. நீங்களும் இந்தப் பக்கம் நின்றுவிட்டீர்கள்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியதால் நான் ஏசவில்லை. பிள்ளை இருக்கிறவளின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் றஸ்னாவுக்கும் மூன்று பிள்ளைகள். அவள் கால் வைத்தாள்.

கயிறு எங்களிடமே இருக்கட்டும்.

இமெல்டா


யாழ்ப்பாணம்,
06.11.2024

இமெல்டா அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

புரட்டாதி 25இல் இயந்திரங்கள் வந்துவிட்டன என்று ஜெகதீபன் கேள்விப்பட்டுச் சொன்னான். அப்போதும் நான் மூன்று கிழமை அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐப்பசி 16இல், உறுதிப்படுத்தல் கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கையெழுத்திட்டேன். "முதல் ஆய்வில் சட்டங்கள் குறித்த இடங்களில் வைக்கப்படவில்லை. முறையை வகுத்ததிலும் கற்பித்ததிலும் மேற்பார்வையிலும் பிழை என்னுடையது. எண்ணியவர்களுடையது அல்ல." இவ்வளவுதான் எழுதினேன். பிரதி இதனுடன் இருக்கிறது. அதில் உங்கள் இருவர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதிப்படுத்தல் கிடைக்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

முந்தநாள், கார்த்திகை 4இல் இருந்து வேலையை நிறுத்தச் சொல்லிக் குழு கட்டளை போட்டிருக்கிறது. இயந்திரங்கள் நின்றுவிட்டனவா? மேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ரெலிபோன் எடுத்தால் நீங்கள் எடுக்கவில்லை. அது நியாயம்தான். ஒரு வரி எழுதினால் போதும்.

டிலானி


அந்தோனிப்பாடு,
12.12.2024

டிலானி மிஸ்,

உங்கள் கடிதம் வந்தது. மெசின்கள் சொன்ன நாளில் நின்றன. பெயர்கள் சரி. பதவி போனதற்கு மனவருத்தம். அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

நாற்பது நாள் தோண்டினார்கள். நிறுத்தச் சொன்னபோது மேட்டின் நடுப்பக்கம் முழுவதும் போய், அவ்விடம் பெரிய கிடங்காக இருந்தது. ஓரத்தில் இரண்டு துண்டு மிச்சம் நின்றது. அதில் பச்சையும் நின்றது. கார்த்திகைக் கடைசியில் அந்தப் பெருமழை வந்தது. இரண்டாம் நாள் கடல் கிடங்குக்குள் இறங்கி நின்று, பிறகு மதிலுக்கு வந்தது. நாங்கள் கோயிலுக்குள் இருந்தோம். சத்தம் கேட்டது. மதில் விழுந்த சத்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

விடிந்து போய்ப் பார்த்தபோது கடைசி வரிசை இல்லை. பதினொரு கல்லறை. அதற்கு முந்திய வரிசையில் நாலு. கரையில் ஒதுங்கிய எலும்புகளைச் சுவாமி ஒரே பெட்டியில் சேர்த்து மந்திரித்து அடக்கினார். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? பேதுருவுக்கு முன்பல் ஒன்று வெள்ளி கட்டியது. அது கிடைக்கவில்லை. நாலு நாள் கரை வழியே நடந்து பார்த்தேன். போன தரமும் நாலாம் நாள்தான் தந்தது. இந்தத் தரம் தரவில்லை. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

உங்களில் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க வந்தது தெரிகிறது. ஓம், கோபம்தான். அந்த நாற்பது நாளும் ஒவ்வொரு நாளாக எனக்குத் தெரியும். நாங்கள் பயந்து பாதையில் நின்றதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியவில்லை.

நேற்று றஸ்னா தாராபுரத்திலிருந்து வந்தாள். கயிறு எங்கே என்று கேட்டாள். மதில் இல்லாததால் சேமக்காலை வாசலில் நிற்கிற சிலுவையில் கட்டி, மதில் நின்ற இடத்திலிருந்து முடிச்சு எண்ணத் தொடங்கினோம். அதே மூன்று கோடு, அதே முடிச்சு. இந்தத் தரம் அவள் முன்னுக்குப் போனாள். ஒருவரின் அடியிலும் ஒருவர் கால் வைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். தண்ணீர் இடுப்புக்கு வந்த இடத்தில் நின்று மிச்ச முடிச்சுகளைக் கண்ணால் எண்ணினோம். தனித்தனியாக எழுதினோம், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை. இந்த முறை எங்கள் இருவரின் கணக்கிலும் வித்தியாசம் இல்லை.

முதலாம் கோடு. சட்டம் 1 முதல் 6 வரை: உடைந்த மதில், மணல். 7 முதல் 20 வரை: அடம்பன் கொடி, இராவணன் மீசை, நூற்றுக்கு முப்பது.

இரண்டாம் கோடு. சட்டம் 1 முதல் 20 வரை: கடல்.

மூன்றாம் கோடு. சட்டம் 1 முதல் 9 வரை: கடல். 10 முதல் 20 வரை: மணல், தாழை ஒரு பற்றை, சாய்ந்தது.

எண்ணியவர்கள் என்ற இடத்தில் நானும் றஸ்னாவும் கையெழுத்து வைத்திருக்கிறோம். மேற்பார்வையாளர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தாளை உங்களுக்கு அனுப்பவில்லை. அது இங்கேதான் இருக்கும். மன்னார் பஸ் காலை ஐந்தரைக்கு வெளிக்கிடும். வந்து, நின்று, பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

இமெல்டா